இனி முகம் இரவல் இல்லை

சந்தனம் மணக்கும் கோட்டைக்கும், கோட்டையின் மதிலுக்கும், மதிலுக்குள் வளரும் பசுவுக்கும் கன்றுக்கும் நலமே சூழ்க. இடி இடித்தும் இமையாதவரும், முரசு முழங்கியும் திரும்பாதவரும், அரியணை ஏறிய நாள் முதலாக நெற்றியில் ஒரு கோடும் விழாதவருமாகிய சந்தனக்கோட்டத்து மாமன்னர் பொன்மேனிராயர் திருமுன்புக்கு, கருமணல் நாடாளும் கடலாண்ட நாச்சியார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் சுறவன் கூத்தன் எழுதிய ஓலை. எங்கள் கரையில் உப்பு விளைகிறது, மீன் படுகிறது, அலை ஓயவில்லை. அங்கும் அரைத்த சந்தனம் குறைவின்றி இருக்கும் என்றே நம்புகிறோம்.

மன்னர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. உடன் வந்த முகங்காட்டி, சுழி இட்ட இடந்தோறும் புருவம் நெரித்தும் பல்லைக் கடித்தும் மன்னரின் சினத்தை எங்கள் அவையில் குறைவறக் காட்டினான். அவனும் எங்கள் கரைப் பிள்ளையே. வேலை முடிந்ததும் தன் அத்தை வீட்டுக்குப் போய் மீன்குழம்பு தின்றான். இனித் திரும்புவதாக இல்லை என்று கையைக் கழுவும்போதே சொல்லிவிட்டான். அவனை எதிர்பார்க்க வேண்டாம்.

பரவை என்னும் முகங்காட்டி திருவோலக்க அவையில் முகம் மறுத்து ஓடிப்போனாள் என்றும், அவளைக் கட்டி அனுப்பவேண்டும் என்றும், உடன் புதிய முகங்கள் பத்து வரவேண்டும், அவற்றுள் இரண்டேனும் கண் உருட்டத் தெரிந்தவையாக இருக்கவேண்டும் என்றும், தவறினால் படை வரும் என்றும் மன்னர் எழுதியிருக்கிறார். இதற்கு விடை சொல்லுமுன், இவ்வோலையின் படி ஒன்று எங்கள் ஏடகத்திலும் இருக்கப்போவதால், பின்னாளில் படிப்போர் நம்பத் தயங்கக்கூடிய வழக்கம் ஒன்றை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

சந்தனக்கோட்டத்துப் பெருமக்கள் முகத்தில் சந்தனம் பூசிக்கொள்வர். சிரித்தால் பூச்சு வெடிக்கும், அழுதால் கரையும். ஆகவே அவர்கள் சிரிப்பதுமில்லை, அழுவதுமில்லை. அதற்கென்று எங்கள் கரையிலிருந்து முகங்காட்டிகள் என்று கூலிக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். இருக்கைக்குப் பின்னால் ஒரு கறுத்த முகம் நிற்கும். ஓலையில் எந்தச் சொல்லுக்கு என்ன உணர்ச்சி என்பதைச் சிறு சுழி இட்டுக் குறித்திருப்பார்கள். வாசிப்பவர் அந்தச் சுழிக்கு வந்ததும், முன்னால் பிரபு சிலைபோல் வீற்றிருப்பார்; பின்னால் எங்கள் ஆள் வாயைப் பிளப்பான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், தலையில் அடித்துக்கொள்வான். பிடித்திருந்தால் "மறுபடி" என்பார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி. அவை கலைந்ததும் பிரபு முன்வாசல் வழியே போவார். முகம் கொல்லைவாசல் வழியே போகும்.

பரவை மன்னரின் சொந்த முகமாக இருந்தவள். அவள் வாய் பிளந்தால் அதைக் காணவே வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவளுடைய கோபங்களுக்கு எண் இட்டிருந்தார்கள். இடுப்பில் கைவைத்துக் கழுத்தை வெட்டுவது மூன்றாம் கோபம். அரண்மனைப் பெண்டிரெல்லாம் மாமியார் மேல் வருத்தம் வந்தால் அந்த மூன்றாம் கோபத்தைத்தான் இரவல் கேட்டு ஆள் அனுப்புவார்கள். தாங்கள் மட்டும் நாவில் தேன் தடவி, "எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, அத்தை" என்பார்கள்.

இதில் வினை என்னவென்றால், அவளுக்கென்று ஒரு கோபம் வந்தபோது அதை வைக்க இடமில்லாமல் போயிற்று. ஒருமுறை மடைப்பள்ளியில் ஊசிப்போன சோற்றை இலையில் வைத்தார்கள். அவள் எழுந்து, "இதை நாய் திங்குமாய்யா?" என்று கேட்டாள். மடைப்பள்ளிக் கணக்கன் பூரித்துப்போய், "அடடா, மூணாவதுதானே இது! அந்தக் கழுத்தை இன்னொரு வெட்டு வெட்டு தாயி, நம்ம பயலுக பாக்கட்டும்" என்றானாம். சோறு மாறவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்த செய்தியைத் துறைமுகத்து அதிகாரி எழுதி அனுப்பியிருந்தார். வாசிப்பவர் படித்தார்: தோணியோட்டி திமிலன் நீரில் மாண்டான். அந்த இடத்தில் சுழி இல்லை. அடுத்து, மன்னர் பூசைக்கு வரவழைத்த கர்ப்பூரம் முழுவதும் நீரோடு போயிற்று. அந்த இடத்தில் அழுகைச் சுழி இருந்தது.

திமிலன் பரவையின் உடன்பிறந்த அண்ணன்.

அவள் அழுதாள். கர்ப்பூரத்துக்குச் சரியாக, சுழியிட்ட இடத்தில் அழுதாள் என்று அவை மகிழ்ந்தது. மன்னர் உதடு பிரியாமல் "பலே, மறுபடி" என்றார். வாசிப்பவர் கர்ப்பூரத்தை மறுபடி படித்தார். அவள் இன்னும் அழுதுகொண்டிருந்தாள். "உதடு இன்னும் கொஞ்சம் துடிக்கட்டும், மறுபடி" என்றார் மன்னர். மூன்றாம் முறை கர்ப்பூரம் வந்தபோது பரவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கண் அசையவில்லை, வாய் அசையவில்லை. அந்த அவையில் அதுவரை மன்னருக்கும் பெருமக்களுக்கும் மட்டுமே உரியதாயிருந்த முகம் அது.

பிறகு அவள் சொன்னதைத் தங்கள் ஓலையில் "தகாத சொல்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவள் சொன்னபடியே இங்கே பொறிக்கப்படுகிறது: "எங்கண்ணன் பேரை இன்னொருக்கா படிங்க. சுழியை அங்க போடுங்க. உங்க கர்ப்பூரத்துக்கு நீங்களே அழுதுக்குங்க."

அவளைப் பிடிக்கச் சொல்லி ஆணை பிறந்தது. அவள் முன்வாசல் வழியாக வெளியேறினாள். வாசற்காவலர் எப்படி விட்டார்கள் என்று மன்னர் வினவியிருக்கிறார். கண் சிவந்து, மூச்சிரைத்து, உண்மையான வெறியோடு அவள் வருவதைக் கண்ட காவலர்கள் கைகொட்டிச் சிரித்து, "மூணாவது வருதுடா, வழிவிடு!" என்று ஒதுங்கி நின்றார்கள். அவர்களைத் தண்டிக்க வேண்டாம். அவர்கள் கற்றதெல்லாம் அவையில் கற்றதே.

இதெல்லாம் இகழ்ச்சியன்று, எங்கள் முகங்களின்மேல் கொண்ட காதலே என்று மன்னர் எழுதியிருப்பதை நாச்சியார் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கறுத்த முகத்தில்தான் உணர்ச்சி எடுப்பாகத் தெரிகிறதாம். இருக்கட்டும். அந்தக் கறுப்பு எங்களுக்குச் சுழியிட்ட இடத்தில் மட்டும் வந்துபோவதன்று. வெயிலிலும் அதுதான், பந்தியில் கடைசி இலைக்குக் காத்து நிற்கையிலும் அதுதான். முகம் பிடித்திருக்கிறது, முகத்துக்குரியவர் பக்கத்தில் உட்காருவது பிடிக்கவில்லை என்றால், அதற்குக் காதல் என்று பெயரிட எங்கள் தமிழ் இடம் தரவில்லை.

முகங்கள் வராவிட்டால் தங்கள் ஆட்களுக்கே கரி பூசி நிறுத்துவோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தியதையும் அறிவோம். மந்திரி வீட்டுத் திருமணத்தில் கரி பூசிய ஒருவன் சுழி தப்பி ஒப்பாரி வைத்ததும், மணமகளின் தந்தைக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பூச்சு காதுவரை வெடித்ததும் எங்கள் மீன் சந்தை வரை வந்துவிட்டது.

பரவையை அனுப்புவதா என்று நாச்சியார் அவளையே கேட்டார். மறுத்தால் படை வரும் என்பதையும் மறைக்கவில்லை. அவள், "போறேன் நாச்சியாரே. என்னைக் கட்டி அனுப்பவேணாம், உங்க ஓலையை எங்கையில குடுங்க. அங்க நின்னு நின்னு எழுத்தும் பழகிட்டேன், நானே படிக்கிறேன். ஆனா ஒண்ணு, படிக்கிறப்ப எம் மூஞ்சி அசையாது. பாத்துப் பாத்து ஏங்கட்டும்" என்றாள்.

ஆகவே மன்னர் அறிக. இதுவரை முக்காட்டுக்குள் நின்று இவ்வோலையைப் படித்துவரும் தூதர் பரவையே. இப்போது முக்காட்டை விலக்குவாள். தூதர்மேல் கைவைப்பதில்லை என்பது தங்கள் முன்னோரும் எங்கள் முன்னோரும் நீர் தொட்டுச் செய்த உறுதி. அது போதாதென்றால் ஆற்றுத்துறையில் எங்கள் தோணிகள் நிற்கின்றன.

இனி வருவது மன்னருக்கன்று. அந்த மண்டபத்தில் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் எங்கள் மக்களே, கேளுங்கள். இந்த வரி உங்கள் காதில் விழும் இந்தக் கணத்திலிருந்து உங்கள் சிரிப்பும் அழுகையும் உங்களுடையவை. இறங்கி வாருங்கள். பரவையைச் சூழ்ந்துகொண்டு நடங்கள். முன்வாசல் வழியாக வாருங்கள். துறையில் தோணியும் சுடுசோறும் காத்திருக்கின்றன.

மன்னருக்கு ஒரு சொல் மீதமிருக்கிறது. இந்த ஓலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். ஓரிடத்திலும் சுழி இல்லை. இதைக் கேட்டு என்ன முகம் காட்டுவது என்பதைத் தாங்களே முடிவு செய்து, தங்கள் சொந்த முகத்திலேயே காட்டியருள்க. பூச்சு வெடித்தால் கழுவிக்கொள்ள நீர் இருக்கிறது.

இது கருமணல் நாட்டு ஆணை. சுறா முத்திரை அழுத்தப்பட்டது. கடல் உள்ளவரை இது நிற்க.