சஞ்சுவுக்கு எதற்கு விடுதி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வீட்டு மோட்டார் ரிப்பேர், ஆள் வரவில்லை. +1 கணக்குத் தாள்கள் பாதி பாக்கி.

மூன்றாம் பீரியட் முடிந்ததும் தலைமையாசிரியர் ஃபாதர் கூப்பிட்டார்.

"சார், ஒங்க சஞ்சய் ஹாஸ்டல்ல சேரணும்னு கேக்குறான். ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

என் மகன். +1. வீடு திருக்கோகர்ணம், டவுன் பஸ்ஸில் கொஞ்ச நேரம். விடுதி என்பது கறம்பக்குடி, குன்றாண்டார்கோவில் என்று தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு. இவனுக்கு எதற்கு?

"காரணம் ஸ்டெல்லா மிஸ்ஸுக்குத் தெரியும். நான் கேக்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க, ஒரு எடந்தான் இருக்கு."

ஜூலை 9, புதன்

மழை வரும்போல இருந்தது. வரவில்லை.

இங்கே ஒவ்வோர் ஆசிரியரிடமும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். மார்க் மட்டுமல்ல; தூக்கம், சாப்பாடு, பயம் எல்லாம் கேட்க வேண்டும். "ஆள முழுசாப் பாருங்க" என்பார் ஃபாதர். இயேசு சபைப் பள்ளிகளின் வழக்கம். நான் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற குடும்பம். ஆனால் இது மட்டும் வந்த நாளே பிடித்துப்போனது. என் குழுவில் விடுதிப் பையன்கள்; சஞ்சு ஸ்டெல்லா மிஸ் குழுவில்.

ஸ்டாஃப் ரூமில் மிஸ்ஸிடம் கேட்டேன். டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னார்:

"பிள்ள சொன்னதப் பெத்தவங்ககிட்டக்கூடச் சொல்லக் கூடாதுன்னு போன வருசம் மீட்டிங்ல பேசுனது யாரு சார்?"

நான்தான். மேசையைத் தட்டிப் பேசினேன். ஒரு பையன் இங்கே அழுததை யாரோ அவன் வீட்டில் சொல்லப்போக, அப்பன் பெல்ட்டை எடுத்துவிட்டான். அதனால்தான் அந்த விதி. இப்போது அதே விதி என்னையே வெளியே நிறுத்துகிறது.

"பயப்படுற மாதிரி எதுவும் இல்லையே மிஸ்?"

"அத அவங்கிட்டயே கேளுங்க சார்."

கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

ராத்திரி சஞ்சு எதிரிலேயே சாப்பிட்டான். கத்தரிக்காய் சாம்பார். கேட்க வாயெடுத்தேன். விடுதிப் பையன் ஒருவனுடைய அம்மாவின் போன். பேசி முடிப்பதற்குள் தட்டைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டான்.

ஜூலை 10, வியாழன்

வாங்க வேண்டியது: பிரஷர் மாத்திரை, சிவப்புப் பேனா, மோட்டாருக்கு கெப்பாசிட்டர்.

வீட்டில் ரேவதியிடம் சொன்னேன். "ஊருக்குள்ளயே வீட்ட வச்சிக்கிட்டு ஹாஸ்டலா? நாலு பேரு என்னங்க நெனைப்பாங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அடிச்சீங்களா?"

அடித்ததில்லை. அடித்திருந்தால் காரணமாவது தெரிந்திருக்கும்.

கடைசி மணிக்கு முன் தினமும் ஐந்து நிமிட மௌனம். பள்ளியே கண்ணை மூடி அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இன்று நான் +1இல். சஞ்சு ஜன்னலோரம். கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்க் கேட்கவும் முடியாது, வெளியே ஓடவும் முடியாது. மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மாலை வழக்கம்போல விடுதி மைதானம். நாளுக்கு ஒரு பையன். அவனோடு இரண்டு சுற்று நடந்து பேசுவேன். இன்று குன்றாண்டார்கோவில் பையன். அப்பா சிங்கப்பூரில். பாதியில் நின்று, "சார், நான் சொன்னத நீங்க கேக்கவே இல்ல" என்றான்.

வெட்கமாகப் போயிற்று. நாளைக்கும் அவனுக்கே என்று சொல்லிவைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மாத்திரை மறந்தாயிற்று. வெயில்.

ஃபாதரிடம் முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். காலையில் அவர் இல்லை. மாலை மைதானத்துக்குப் போனால், பிள்ளைகள் எனக்காகக் காத்திருக்கும் வேப்பமரத்துப் பெஞ்சில் சஞ்சு. மடியில் பை.

"சார்" என்றான். பள்ளிக்குள் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"எதுக்குடா ஹாஸ்டல்? வீட்டுல என்ன கொற?"

"கொறையெல்லாம் இல்ல." பை வாரைத் திருகினான். "ஹாஸ்டல் பசங்ககூடத்தான் நடக்குறீங்க. வீட்டுக்கு வந்தா போன், பேப்பர். அங்க இருந்தா என் மொறையும் வரும்ல."

பக்கத்தில் உட்காரப் போனேன். கோல் போஸ்ட் அருகில் குன்றாண்டார்கோவில் பையன் வந்து நின்றிருந்தான். சஞ்சுவும் பார்த்தான்.

"இன்னிக்கு அவன் மொறதான சார். போங்க. நான் இங்கிட்டே இருக்கேன்."

போனேன். இரண்டு சுற்றும் சஞ்சு பெஞ்சைவிட்டு எழவே இல்லை.