எழுபது மீற்றர் பாதை

பேசாலை
14.09.2025

அன்பு மகள் கிறிஸ்ரினாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பிடுகிறேன், பூசைக்குப் போகிறேன். நோர்வேக் குளிருக்குள் உன்னையும் மருமகன் றோயையும் மடுமாதா காக்க வேண்டும். போனில் சொல்ல முடியாத ஒன்று இருப்பதால் கடிதம் எழுதுகிறேன், கடைசிவரை வாசி.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலுக்குப் போகும் கொங்கிறீற் பாதை ஆடியில் முடிந்துவிட்டது. சரிவாக, இரண்டு பக்கமும் கைபிடிக் கம்பியோடு, சக்கரக் கதிரை போகத் தோதாகப் போட்டிருக்கிறார்கள். வடக்கில் வேறெங்கும் இப்படி இல்லையாம், அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளிநொச்சி, வவுனியாவிலிருந்து வான் பிடித்து வருகிறார்கள், யுத்தத்தில் கால் போனவர்கள், முதுகெலும்பு அடிபட்டவர்கள். ஒருவர் வந்தால் குடும்பத்தில் எட்டுப்பேர் வருகிறார்கள், எட்டுப்பேருக்கும் பசிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெற்றிசியா கணவாய் பொரித்து விற்கிறாள், தாலிக்கொடியை அடைவிலிருந்து மீட்டுவிட்டாள். ஜுனைட் தன் ஓட்டோவுக்குப் பின்னால் பலகை பூட்டிக் கதிரைகளை ஏற்றுகிறான், போன மாதம் தம்பிக்கும் ஓர் ஓட்டோ எடுத்துக் கொடுத்தான். கருவாட்டை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிட்ட பெண்கள் இப்போது பாதையடியில் பாய் விரித்துத் தாங்களே விலை சொல்கிறார்கள். போன கிழமை பாப்பாமோட்டையிலிருந்து வயல் செய்த ஒரு கமக்காரன் வந்தான், பதினாறு வருடமாகக் கதிரையில் இருக்கிறவன். தண்ணீரைக் கையால் அள்ளி நாக்கில் வைத்ததும், "உப்புத்தான், அதே உப்புத்தான்" என்று கத்தினான். வேலியோரம் நின்ற எனக்கு அதற்குமேல் பார்க்க முடியவில்லை, உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டேன்.

இந்தப் பாதை நான்கு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். பிரதேச செயலகக் கந்தோரில் கடதாசி இழுபடுகிறது என்று உனக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். நீயும் அங்கிருந்து போன் எடுத்து அந்தக் கந்தோர்க்காரரைக் கண்டபடி ஏசினாய். பிள்ளை, கந்தோரில் ஒரு கடதாசியும் இழுபடவில்லை. மற்ற இடமெல்லாம் மணல்மேடு, எங்கள் காணியோரத்தில் மட்டும்தான் தரை இறுக்கம், அதில் மூன்று மீற்றர் அகலம் விட நான் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. நான் வைக்கவில்லை.

காரணம் உன் மாமா அமிர்தநாயகம். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் என்று கடதாசியைக் கொண்டு வந்தவர் அவர். நாங்கள் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் தகரக் கொட்டிலில் கிடந்தபோது என் தகப்பனின் வள்ளத்தை விற்றுவிட்டு, திரும்பி வந்த என்னிடம் "அது உக்கிப் போச்சு மச்சான்" என்று சொன்ன மனுசன். அது உக்கவில்லை, தலைமன்னாரில் வேறு நிறம் பூசி ஓடியதை என் கண்ணால் கண்டேன். அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. காணிக்குள் ஒருக்கால் பாதை விட்டால் பிறகு காணியும் அவருடையதாகிவிடும் என்று சொல்லிக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தேன். தன் தங்கச்சிக்காக, உன் அம்மாவுக்காகத்தான் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் செய்தேன்.

பஸ் விபத்துக்குப் பிறகு ஏழு வருடம் அம்மா பின்கதவடியில் சக்கரக் கதிரையில் இருந்து கடலின் சத்தத்தைக் கேட்டாள், ஒரு நாளும் காணவில்லை. நாலுபேர் தூக்கிக்கொண்டு போவோம் என்றபோது, "என்னைத் தூக்குறதெண்டா பெட்டிக்குள்ள வைச்சுத் தூக்குங்கோ, அதுவரைக்கும் நான் என்ர கதிரையிலதான் போவன்" என்று சிரித்தாள். தை மாதம் அப்படித்தான் தூக்கினோம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அமிர்தநாயகம் அதே கடதாசியோடு வந்தார். "இனி உம்மட்ட ஒண்டும் கேக்கமாட்டன் மச்சான், இதை மட்டும் ஒருக்கால் பாரும்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். காணிக்காரன் கையெழுத்து வைக்க மறுப்பதால் அவனோடு பேசி வழிசெய்யும்படி ஊரார் பங்குத்தந்தைக்கு எழுதிய மனு அந்தக் கடதாசி மடிப்புக்குள் இருந்தது. நான்கு வருடத்துக்கு முந்திய திகதி. முதலாவது கையெழுத்து நிறஞ்சலா சாந்தரூபன், உன் அம்மாவுடையது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் ஒவ்வொரு மாதமும் கந்தோரைத் திட்டிக்கொண்டு வருவேன், அவள், "ஓமப்பா, கந்தோரெண்டா அப்பிடித்தான், நீங்கள் சாப்பிடுங்கோ" என்பாள். நான்கு வருடம் என் பொய்யை என் முன்னாலேயே வைத்துச் சோறு போட்டிருக்கிறாள். அன்றைக்கே கையெழுத்து வைத்தேன், யாருக்காக என்று தெரியாமல்.

அம்மாவின் கதிரையைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டேன், கதிரையில்லாமல் வருகிறவர்களுக்குப் பயன்படுகிறது. இடப்பக்கச் சில்லு இன்னும் கீச்சிடும், எண்ணெய் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் எழுபது மீற்றர். தள்ளிக்கொண்டு போக இரண்டு நிமிடம் ஆகாது, அந்தக் கீச்சொலியை வீட்டுக்குள் இருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

நீ என்னோடு கோபிப்பாய், கோபி. அந்தக் கந்தோர் மனுசனுக்கு மட்டும் ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடு, பிழை அவரில் இல்லை. இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டு, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுக்குள் குளிர் ஏறும். உங்கள் இருவரையும் ஆண்டவர் ஒற்றுமையாக வைத்திருக்கட்டும், மனதுக்குள் ஒன்றை வைத்து வளர்க்கிற என் குணம் உனக்கு வராமல் இருக்கட்டும்.

நான் இன்னும் அந்தப் பாதையில் கால் வைக்கவில்லை. மார்கழியில் நத்தாருக்கு வந்தால், அதில் உன்னோடு வரலாமா என்று எழுது.

உன் அப்பா,
அ. சாந்தரூபன்