கோழிக்கால் குடிசைக்காரியின் குரல்

மஞ்சக்குப்பம், கடலூர்
9.1.2010

அன்புள்ள ராணிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில், இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு, தமிழில் டப்பிங் செய்யும் ஒரு பொம்மைப் படத்தில் சூனியக்காரக் கிழவிக்குக் குரல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பேச வந்த அம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "வசனம் எழுதினவரே பேசட்டும்" என்றார்கள். சிரிப்புக் கதை எழுதுகிறவனுக்கு மானம் ஏது?

ரஷ்யா பக்கத்து நாட்டுப்புறக் கதை. பனிக்காடு, கோழிக்கால் முளைத்த குடிசை, அதற்குள் இந்தக் கிழவி. எல்லா மாதிரிப் பிள்ளைகளும் படத்தில் இருக்க வேண்டுமென்று வெளிநாட்டுக்காரன் கதாநாயகியையே நம் நிறத்தில் வரைந்திருக்கிறான். பொங்கலன்று டிவியில் வருகிறது. உன் பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்.

எதிர்வீட்டு தேவசகாயம் தலைக்குச் சாயம் பூசி, காதுவரை கருப்பாகத் திரிகிறார். அவர் மனைவி கேட்கிறார், "டீச்சரம்மா எப்பங்க வருவாங்க?" நீ புருஷனை விட்டுச் சிதம்பரம் பள்ளிக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. ஏப்ரலில் மாறுதல் மனு போடுவாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போட்டுவிடேன். போனில் கேட்டால் வைத்துவிடுவாய்.

சுப்புராயன்


சிதம்பரம்
18.1.2010

மாமாவுக்கு,

நலம். படம் பார்த்தோம். இன்று வகுப்புக்குள் நுழைந்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஜாஸ்தி பேசுன, அடுப்புல வெச்சிருவன்!" கிழவியின் வசனம். நான் உங்களைத் திட்டும் வசனம். என் இழுப்புகூட மாறவில்லை. வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நாளாக எதுவும் வருவதில்லை.

ஆனால் நாலாம் வகுப்பு இலக்கியா வந்து கேட்டாள், "டீச்சர், அந்தப் பொண்ணு என்ன மாரியே இருக்கா. ஏன் நியூஸ் வாசிக்கிற மாரி பேசுறா?"

எங்கேயோ பனியில் இருக்கிறவன் நம் பெண்ணைக் கதாநாயகி ஆக்கினான். நீங்கள் அவள் வாயைப் பிடுங்கிக் கிழவிக்குக் கொடுத்தீர்கள். அதை மாற்றுங்கள். மனு போடுகிறேன்.

ஜெயராணி


மஞ்சக்குப்பம், கடலூர்
20.3.2010

அன்புள்ள ராணிக்கு,

சாதித்துவிட்டேன். கோடைக்கு சிடி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு சென்னைக்கு ஓடினேன். டப்பிங் கம்பெனி மேனேஜர் ராஜ்கமல் முகத்தைச் சுளித்தார்: "சார், ஹீரோயின் கடலூர் பாஷ பேசினா டீசண்டா இருக்குமா?"

"என் பெண்டாட்டி பேசுறா, டீசண்டாத்தான் இருக்கு" என்றேன். கோபத்தில் அவர் தட்டிலிருந்த போண்டாவையும் நானே தின்றுவிட்டேன். அதற்குப் பயந்தோ என்னவோ ஒத்துக்கொண்டார்.

சிடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண் இப்போது உன்னைப் போலவே பேசுகிறாள். கிழவிக்கும் வேறு வசனம் எழுதி நானே மறுபடி பேசினேன்; அவள் வாயில் உன் சொல் ஒன்றுகூடக் கிடையாது, சத்தியம். வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. உன் அலமாரியிலிருந்து என் பழைய பத்திரிகைகளைக்கூட எடுத்துவிட்டேன்.

சுப்புராயன்


சிதம்பரம்
16.4.2010

மாமாவுக்கு,

சிடி வந்தது. பள்ளியில் போட்டுக் காட்டினேன். இலக்கியா எழுந்து நின்று கத்தினாள், "டீச்சர், எங்க ஊட்ல பேசுற மாரியே பேசுறா!" எனக்கும் உள்ளே ஏதோ லேசாக அசைந்தது. மனுவை எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பையில் வைத்திருந்தேன்.

அப்புறம் கிழவி வந்தாள். "குந்து சாமி, குந்து" என்றாள்.

எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் இருசம்மாளை நினைவிருக்கிறதா? கம்மாபுரத்துக்காரி. நீங்கள் ஒருமுறை இங்கே வந்தபோது அப்படிச் சொல்லித்தான் நாற்காலி போட்டு மோர் கொடுத்தாள். உங்கள் காது பொல்லாத காது. அவள் இருமலைக்கூட விடவில்லை.

அன்று அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் எல்லாம் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "கெழவி எங்கூருக்காரியா டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

மனுவுக்கு நேற்று கடைசி நாள். பையிலேயே இருக்கிறது. உங்கள் மேல் கோபமில்லை.

இன்று சோறு போடும்போது இருசம்மாள் வாயே திறக்கவில்லை. போதுமா என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

ஜெயராணி