கொஞ்சம் இறக்கிட்டுப் பேசு

ஜூன் 8, திங்கள்

ஊரடங்கில் எழுபத்தைந்து நாள் மூடிக்கிடந்த கடையைத் திறந்தேன். ஷட்டர் முரண்டு பிடித்தது. காது மிஷின் கடை அத்தியாவசியத்தில் சேராதாம். காது கேட்காதவன் இத்தனை நாள் என்ன செய்வான் என்று எவனும் யோசிக்கவில்லை.

முட்டைக்கண்ணி எனக்கு முன்பே வந்து நின்றாள். பன்னிரண்டு வருஷமாக என்னிடம் வேலை பார்ப்பவள். பெயர் நான் வைத்தது. இப்போது முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும்தான் தெரிகிறது, பெயர் இன்னும் பொருத்தமாகிவிட்டது. சொன்னேன். சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 10, புதன்

முகக்கவசத்தைக் கழற்றினால் நாடாவில் மாட்டிக்கொண்டு மிஷினும் கூடவே வந்துவிடுகிறதாம். ஓய்வுபெற்ற தபால்காரருடையது சாக்கடையில் விழுந்துவிட்டது. நமக்கு வியாபாரம். இப்படி எழுதுவது பாவம்தான்.

ஆனால் நாங்கள் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. இவர்கள் காதால் கேட்பது பாதி, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது பாதி. ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. இரண்டு பேர் சலித்துப்போய் எழுந்து போய்விட்டார்கள்.

ஜூன் 11, வியாழன்

முட்டைக்கண்ணி ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வாங்கி வந்தாள்.

"எழுதிக் காட்டலாம்க்கா."

"நாம என்ன பள்ளிக்கூடமா நடத்துறோம்? ஒவ்வொருத்தருக்கா எழுதிட்டிருந்தா விளங்கின மாதிரிதான். கொஞ்சம் இறக்கிட்டுப் பேசும்மா. ரெண்டு நிமிஷம், ஒண்ணும் ஆகாது."

"வீட்ல அவருக்கு சுகர் இருக்குக்கா."

"யார் வீட்லதான் இல்ல?"

இறக்கினாள். பலகையை பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

ஜூன் 20, சனி

இன்று பதினான்கு பேர். பழைய நாள் மாதிரி.

ஜூலை 2, வியாழன்

முட்டைக்கண்ணி லீவு. ஜுரமாம், லேசாகத்தான்.

ஜூலை 7, செவ்வாய்

அவள் தேறிவிட்டாள். அவள் வீட்டுக்காரரைத்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பஸ் டிரைவர், திடமான மனுஷன். கடையை மூடிவிட்டேன்.

எங்கே ஒட்டியதென்று யாருக்குத் தெரியும்? மார்க்கெட்டாக இருக்கலாம். பஸ்ஸாக இருக்கலாம் — பஸ் எங்கே ஓடியது? அவர் மூன்று மாதமாக வீட்டைவிட்டே இறங்கவில்லை.

ஜூலை 15, புதன்

போய்விட்டார்.

ஜூலை 16, வியாழன்

யாரை ஏமாத்துறேன் நான்? மார்க்கெட்டாம்.

அத்தனை நாளும் நான் எங்க உட்கார்ந்திருந்தேன்? கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால. மூக்கு வாய் எல்லாம் மூடிக்கிட்டு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நான் இறக்கினேனா? அவளைத்தான் இறக்கச் சொன்னேன். சுகர் இருக்குன்னு வாய்விட்டுச் சொன்னாளே. அதுக்கு நான் சொன்ன பதிலை இன்னொரு தரம் எழுத எனக்குக் கை வரல.

ஆகஸ்ட் 24, திங்கள்

வேலைக்குத் திரும்பிவிட்டாள். பலகையைத் தேடி எடுத்துத் துடைத்து அவள் மேஜையில் வைத்திருந்தேன். பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

மன்னிச்சிடும்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பேட்டரி வந்துடுச்சாக்கா?" என்றாள்.

வந்துவிட்டது என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

ஏப்ரல் 4, திங்கள்

அவள் வீட்டுக்காரர் போய் இரண்டாவது வருஷமும் முடியப்போகிறது. முகக்கவசம் இனிக் கட்டாயமில்லை. தெருவெல்லாம் முகமாக இருக்கிறது. நானும் கழற்றிவிட்டேன். அவள் கழற்றவில்லை.

தபால்காரர் மிஷினைச் சரிபார்க்க வந்தார். அவள் மார்க்கரை எடுத்ததும் அலுத்துக்கொண்டார்: "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் எழுதிக் காட்டுவே? கொஞ்சம் இறக்கிட்டுப் பேசும்மா."

அவள் கை முகக்கவசத்துக்குப் போனது. பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தாள். அவரை இல்லை, என்னை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

எழுந்து போய் அவள் கையிலிருந்த மார்க்கரை வாங்கினேன். பலகையில் பெரிதாக எழுதினேன், எழுத்தெல்லாம் கோணல்: 'அவங்க இறக்க வேண்டாம். நான் எழுதுறேன்.'

தபால்காரர் படித்துவிட்டுத் தலையாட்டினார். அவளும் படித்தாள். பிறகு குனிந்து, அவர் மிஷினுக்குப் பேட்டரி மாற்றத் தொடங்கினாள்.