கழுவாத அறை

செம்பூர், பம்பாய்–71
10-5-1964

அன்புள்ள அத்தானுக்கு,

வடிவு எழுதுவது. இங்கே நான் சுகம். பஹ்ரைனில் நீங்களும் சுகமாக இருப்பதாக ஒரு வரி வந்தால் என் சுகம் முழுசாகும். கப்பல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று டோங்ரி ஏஜெண்ட் ஆபீஸில் சொன்னார்கள். கப்பல் சேர்ந்ததை என்னிடம் எதற்குச் சொல்கிறார்கள்? நான் கப்பலுக்கா வாக்கப்பட்டேன்? நீங்கள் சேர்ந்ததை நீங்கள்தான் எழுத வேண்டும். உங்கள் கம்பெனி விலாசம் இன்னும் கைக்கு வராததால், மனாமாவில் கடை வைத்திருக்கிற நம் ஜெயினுலாப்தீன் பாய் பேருக்கு இதை அனுப்புகிறேன். அவர் உங்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிடுவார்.

பங்களா நன்றாக ஓடுகிறது. இதைப் பார்ஸிச் சேட்டிடம் குத்தகைக்கு எடுத்தபோது நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “நாம தாராவியில கெடந்து புழுங்குதோம். காசுள்ளவன் லீவுக்குச் செம்பூர் வந்து காத்து வாங்குதான். அவனுக்குக் காத்த வித்துப் பொழைப்போம்” என்றீர்கள். காற்று தன்னால் விற்றுப்போகிறது. கூடவே பாய், கொசுவலை, ஸ்டவ், குளிக்க வெந்நீர், எலிபெண்டாவுக்குப் போகிற வழி எல்லாம் நான்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் கப்பலேறிய அன்று வந்த கிட்டு மாமாவும் வாலாம்பாள் மாமியும் இன்னும் நம் அறையில்தான் இருக்கிறார்கள். கும்பகோணத்திலிருந்து மாட்டுங்காவில் உள்ள மருமான் வீட்டுக்கு வந்தவர்கள். மாமாவின் இருமலுக்குக் காற்று மாறினால் நல்லது என்று டாக்டர் சொன்னதால் இங்கே வந்திருக்கிறார்கள். நல்ல மனுஷர்கள்தான். மாமிக்கு மட்டும் தனி வாளி, தனிச் செம்பு, காக்கை உட்காராத கொடி வேண்டும். காக்கைக்கு நான் எங்கே போய்ச் சொல்ல? மாமாவின் இருமல் கடிகாரம் மாதிரி. காலையில் காப்பி குடித்ததும் இரண்டு குட்டை இருமல், ஒரு நெட்டை இருமல், கடைசியில் “நாராயணா”. அறை முழுக்க நீலகிரித் தைல வாசனை. நான் உங்கள் நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குக் குடிவந்துவிட்டேன்.

ஒரு சண்டையையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா பேராச்சி மதினி தாராவியிலிருந்து வந்தாள். நீங்கள் போன அன்றைக்கே அறையைக் கழுவி மாமா மாமிக்குக் கொடுத்தேன் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். “ஏட்டி, ஊருக்குப் போற ஆளு தெருமுக்குத் தாண்டுமுன்ன வாசல் வரைக்கும் கழுவி விட்டிருக்கியே, இது என்ன பொணம் தூக்கின வீடா? போய்ச் சேந்த சேதி வார வரைக்கும் வீட்டப் பெருக்கக்கூட மாட்டாகளே!” என்று பிடித்துக்கொண்டாள். விடுதி நடத்துகிறவள் ஆள் எழுந்தவுடனே கழுவினால்தானே அடுத்த ஆளுக்குக் கொடுக்க முடியும்? அதுவும் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, “மாட்டுங்கா ஆளுக வந்திருவாக, நான் போனதும் கழுவிப் போடு வடிவு” என்று சொன்னதே நீங்கள்தான். அதைச் சொன்னால் உங்கள் அக்காவுக்குக் காது கேட்கவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உங்கள் கடிதம் வருகிற வரை ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறேன். இனிமேல் யார் போனாலும், போய்ச் சேர்ந்தோம் என்று கார்டு வந்த பிறகுதான் அவர்கள் அறையைப் பெருக்குவேன், கழுவுவேன். மாமியிடமும் சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டு, போடுகிறேன் என்றாள்.

சாயந்திரம் மாகுல் பக்கம் எண்ணெய்க் கம்பெனிச் சுடர் தெரிகிறது. அங்கேயும் இதே மாதிரி எரியும், பார்த்தால் வீட்டு நினைப்பு வரும் என்றீர்களே. வருகிறதா?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதீர்கள். உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,

வடிவு


செம்பூர்
14-6-1964

அன்புள்ள அத்தானுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. தபால்காரர் குடையோடு நம் வாசலைத் தாண்டிப் போகிறார். நான் ஜன்னலில் நிற்பது தெரிந்ததும் தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிடுகிறார். அவரும் பாவம், எத்தனை நாள்தான் இல்லை என்று சொல்வார். உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. கோபம் வரும்வரை நல்லது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் எழுதப்போவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள்.

மாமாவும் மாமியும் மழைக்கு முன்னால் ஊருக்குக் கிளம்பினார்கள். சொன்னபடி நான் அறையைத் தொடவில்லை. விரித்த பாய் விரித்தபடி, ஜன்னலில் அவர் காப்பி குடித்த டம்ளர், மூலையில் மாமி மறந்துவிட்டுப் போன கூஜா. கதவைச் சாத்தி வைத்தேன். மறுநாள் முன்னறைக்குத் தென்காசி ஜவுளிக்கடைப் பிரம்மநாயகம் அண்ணாச்சி சம்சாரத்தோடு வந்து இறங்கினார். பம்பாயைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்.

அதற்கடுத்த நாள் காலையில் அண்ணாச்சி அடுக்களை வாசலுக்கு வந்து, “உள்ளே பெரியவர் ஒருத்தர் இந்த இருமு இருமுதாரே, டாக்டர்ட்ட காட்டலையா?” என்று கேட்டார். உள்ளே யாருமில்லை, அடுத்த வீட்டுச் சத்தமாக இருக்கும் என்றேன். அடுத்த வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் காப்பி வேளைக்கு நானே கதவண்டை போய் நின்றேன். இரண்டு குட்டை இருமல். ஒரு நெட்டை இருமல். “நாராயணா.”

கதவைத் திறந்தேன். பாய் அப்படியே கிடந்தது. டம்ளர் அப்படியே இருந்தது. தைல வாசனை மட்டும் அப்போதுதான் தடவினமாதிரி முகத்தில் வந்து அடித்தது. அண்ணாச்சி சம்சாரம் அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிட்டாள். மாட்டுங்கா லாட்ஜில் போய் இருந்துகொண்டு என்ன சொன்னாளோ, அதற்குப் பிறகு ஒரு குடும்பமும் இங்கே வரவில்லை. முன்னறை, பின்னறை, மாடி எல்லாம் காலி. நானும் அந்த இருமலும்தான்.

போன வெள்ளிக்கிழமை மாமியின் மருமான் வந்தான். மாமி விட்டுப்போன கூஜாவை வாங்கிக்கொண்டு போக வந்தானாம். எல்லாரும் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டேன். அவன் நின்ற இடத்திலேயே நின்று, “குண்டக்கல் தாண்டினதும் மாமா போயிட்டார். தூங்கறார்னு மாமி ரொம்ப நேரம் எழுப்பவே இல்லை. ஏதோ சின்ன ஸ்டேஷன்ல இறக்கி அங்கேயே எல்லாத்தையும் முடிச்சாச்சு” என்றான். ரயிலேறிய மறுநாள். அண்ணாச்சி முதல் தடவை இருமல் கேட்டதற்கு முந்தின நாள்.

கூஜாவை எடுக்க அவனை அறைக்கு அழைத்துப் போனேன். இருமலைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, அத்தான். சொல்லவே இல்லை. அவன் கூஜாவைக் கையில் எடுத்தான், உள்ளே இருமல் கேட்டது. பயப்படவில்லை அவன். பாயைப் பார்த்து, “மாமா, ஊருக்குப் போகலியா?” என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன்.

பேராச்சி மதினிக்கு ஆள் அனுப்பினேன். வந்தாள், இருமலைக் கேட்டாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைக் கேட்டாள். “செத்தவுக எடத்தக் கழுவாம வச்சிருந்தா அங்கனயேதான் சுத்திக்கிட்டு இருப்பாக. கழுவி விட்டாத்தான் வழி தெரிஞ்சு போவாக” என்றாள். இரண்டு பேரும் மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, வாசற்படி தாண்டித் தெருவரைக்கும் தள்ளிவிட்டோம். மறுநாள் காப்பி வேளையில் போய் நின்றேன். மழைச் சத்தம் மட்டும்தான். தைல வாசனைகூட இல்லை. வெறும் அறை.

அன்றிலிருந்து என் புத்தி உங்களையே சுற்றுகிறது. உங்கள் அறையை நான் அன்றைக்கே கழுவிவிட்டேன். கழுவாமல் இந்த வீட்டில் இருப்பது உங்கள் நீலச் சட்டை ஒன்றுதான். கடைசியாக வேலைக்குப் போட்டுக்கொண்டு போனது, காலரில் கிரீஸ் கறையோடு. அதை எடுத்துவந்து நம் அறையில் உங்கள் ஆணியிலேயே மாட்டியிருக்கிறேன். தினமும் அதன் பக்கத்தில் நின்று கேட்கிறேன். நீங்கள் சட்டையை மாட்டியதும் விரல் விரலாகச் சொடக்கு எடுப்பீர்களே, கடைசியில் வலது கட்டைவிரலை இழுத்து இழுத்துப் பார்ப்பீர்கள், அது மட்டும் சத்தம் போடாது. “முரண்டு பிடிக்கு கழுத” என்று அதைத் திட்டிவிட்டுத்தான் படுப்பீர்கள். அந்தச் சத்தம் வருகிறதா என்று கேட்கிறேன். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

அந்தச் சட்டை பேசாமல் தொங்குகிறவரை நீங்கள் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டு, தூங்கிக்கொண்டு, எனக்கு எழுத மறந்துகொண்டு இருக்கிறீர்கள். அது போதும். எழுதாவிட்டாலும் போகிறது என்றுகூடத் தோன்றுகிறது. இல்லை, எழுதுங்கள்.

திருச்செந்தூர் முருகன் உங்களுக்குக் காவல்.

வடிவு


செம்பூர்
5-7-1964

அத்தான்,

பாயிடமிருந்து பதில் வந்தது. நீங்கள் கரையிறங்கிய மறுநாளே கம்பெனி லாரியில் பாலைவனத்துக்குள் கேம்புக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். என் இரண்டு கடிதங்களும் தன் கடையில் பத்திரமாக இருப்பதாக எழுதியிருக்கிறார். வேறொன்றும் எழுதவில்லை. நிறையப் பேசுகிற மனுஷர், இத்தனை சின்னக் கடிதம் ஏன் எழுதினார் என்று தெரியவில்லை.

நேற்று ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்தான். “வீட்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா ஆபீஸுக்குக் கூட்டிட்டு வாங்க பெஹன்ஜி” என்றான். இந்த வீட்டில் பெரியவள் நான்தான், என்னிடமே சொல் என்றேன். மழையில் நனைந்து வந்தவன், காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் போகவில்லை. சேதி வேண்டுமானால் உங்கள் கையெழுத்தில் வரட்டும்.

இன்று காலையில் மதினியின் வீட்டுக்காரர் சொரிமுத்து அண்ணாச்சி அந்த ஆபீஸுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே மழையில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். நான் ஜன்னலில் இருந்து கூப்பிட்டேன், முகத்தை நிமிர்த்தவில்லை. கொஞ்ச நேரத்தில் மதினியும் வந்தாள். கையில் வாளி. நம் அறைக் கதவண்டை வந்து நின்று, “வடிவு, கதவத் தொற. அந்தச் சட்டையக் குடுத்துரு. எந் தம்பி வழி தெரியாம நிக்கக் கூடாது” என்கிறாள். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

திறக்கவில்லை. உள்ளே தாழ்போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றுவாள் என்று கதவடியில் ஜமுக்காளத்தைச் சுருட்டி அடைத்திருக்கிறேன்.

இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? நான்கு நாளாகச் சத்தம் வருகிறது. முதலில் ஓடு ஒழுகுகிறது என்று நினைத்தேன். சேட்டிடம் ஓடு மாற்றச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் மழைச்சொட்டு விரல் விரலாக விழுந்துவிட்டு, கட்டைவிரலுக்காக நின்று பார்க்குமா?

இப்போதும் கேட்கிறது. இந்த வரியை எழுதும்போதே கேட்கிறது. அது சத்தம் போடாது அத்தான், எத்தனை இழுத்தாலும் போடாது. விட்டுவிட்டுப் படுங்கள். பாய் போட்டிருக்கிறேன். கொசுவலை கட்டியிருக்கிறேன். வீட்டில் வேறு யாரும் இல்லை, யாருக்கும் இந்த அறையை இனிக் கொடுக்கப்போவதும் இல்லை.

அங்கே கேம்பில் இருந்தால் ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள், இன்றைக்கே சட்டையைத் துவைத்து வெயிலில் காயப்போட்டுவிடுகிறேன். இங்கே வந்திருந்தால் எழுத வேண்டாம். மதினி எத்தனை நேரம் நின்றாலும் நான் வாளியை உள்ளே விடமாட்டேன். எங்கே இருந்தாலும் பசியில்லாமல், நோய் இல்லாமல் இருங்கள்.

உங்கள்,
வடிவு