சுவரில் ஏழாவது செய்தி

கும்மிடிப்பூண்டி,
21.11.2007, புதன்.

ஆமாம், அது என் கையெழுத்துதான். நேற்று தொலைபேசியில் நீ கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் உன் கார்டில் நிமிடம் தீர்ந்துவிட்டது. இப்போது சொல்கிறேன். என் கையெழுத்து. என் பச்சை ஸ்கெட்ச் பேனா. அடுத்த வரிக்குள் இறங்கிவிடும் அந்த ழகரத்தின் வால் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், நீயும் சிரித்திருக்கிறாய்.

ஹஸ்னா, உன்மேல் அமைதி உண்டாகட்டும். உன் அத்தாவும் நானும் உடம்பால் நலம். நீ நலமா என்று கேட்க இந்த ஒருமுறை எனக்குத் துணிவில்லை. இங்கே நான்கு நாளாக மழை, சிப்காட் சாலையில் லாரிகள் நின்றுவிட்டன, உருக்காலைப் புகை மட்டும் நிற்கவில்லை. பழவேற்காட்டில் மாமா மகள் அஃப்ஸானாவுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். இன்னும் செய்திகள் உண்டு. அவற்றுக்காக உட்காரவில்லை. நீ நேற்று சொன்னவற்றை நான் சரியாகக் கேட்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். உன் கணிப்பொறியையும் செல்லையும் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தெருவிலிருந்து பேசுகிறாய். நீ வேறு கம்பெனிக்கு விஷயத்தை விற்றாய் என்று சந்தேகிக்கிறார்கள். இணையத்தில் பரவிய என் சுவர்ச் சார்ட்டின் படத்தை, அதை மறைக்கச் செய்த ஏற்பாடு என்கிறார்கள். இருபத்தொன்பதாம் தேதி விசாரணை. அம்மா கையால் எழுதிய பழைய கடிதம் ஏதாவது இருந்தால் கொண்டுவா, ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். உன்னிடம் ஒன்றும் இல்லை. நீ சொன்ன எல்லாவற்றிலும் இதில்தான் நான் நின்றுபோனேன். நீ தைவானுக்குப் போய் இரண்டு வருடம். ஃபோன், மெயில், மறுபடி ஃபோன். ஆறு வருடமாக மாதம் தவறாமல் ஒரு சுவருக்குக் கையால் எழுதியிருக்கிறேன். உனக்கு ஒரு வரி இல்லை.

அதனால் இந்தக் கடிதம். அதே பச்சைப் பேனா. தாளின் மறுபக்கம் ஊறுகிறது, ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறேன். அழகாக எழுத முயலவில்லை. இதை உங்கள் அலுவலகத்துக்காக யாரோ மொழிபெயர்க்கப்போகிறார். அவருக்கும் என் சலாம். அவருக்குப் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து, நடந்த வரிசையில் சொல்கிறேன்.

நான் கும்மிடிப்பூண்டியில் இயற்பியல் ஆசிரியை. என் கணவர், ஹஸ்னாவின் அத்தா அப்துல் ஜப்பார், ரயில்வே ஸ்டேஷன் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையின் பக்கச் சுவர்தான் எங்கள் கம்ப்யூட்டர் வட்டத்தின் பத்திரிகை. வட்டம் என்றால் இருபது இருபத்தைந்து பேர், ரோலிங் மில் எலக்ட்ரீஷியன்கள், மருந்துக் கம்பெனி சூப்பர்வைசர் இருவர், ப்ரௌசிங் சென்டர் நடத்தும் கலியன், இப்படி. யாரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாதவர்கள், அவ்வளவுதான். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நான்கு மணிக்குக் கூடுவார்கள். அந்த மாதம் உலகத்தில் என்னென்ன புதிதாக அறிவித்தார்கள், எந்த சிப், எந்த டிஸ்க், வரும் என்று சொன்னதில் எது வரவில்லை, இவற்றை நான் கலியன் கடையில் உட்கார்ந்து பார்த்து, தமிழில் சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டுவேன். நின்றுகொண்டே படிப்பார்கள். பெரும்பாலும் எங்கள் ஊருக்கு வராத பொருள்கள். வராதவற்றைப் பற்றிச் சண்டையும் போடுவார்கள். எங்களுக்கு ஒரே ஒரு விதி. ஒவ்வொரு செய்தியின் கீழும் எங்கிருந்து என்று எழுத வேண்டும். அந்த விதியைப் போட்டது நான். முதல் வருடம் கலியன் தீபாவளிக்குக் கீபோர்டே இல்லாத கம்ப்யூட்டர் வருகிறது என்று எங்கோ கேட்டதைச் சொல்லி, அதை நம்பி வட்டத்தில் ஒருவரான ராஜமாணிக்கம் ஒரு வருடம் ஒன்றும் வாங்காமல் காத்திருந்தார். இனிமேல் ஆதாரம் இல்லாமல் எதுவும் சுவரில் ஏறாது என்றேன். டீச்சர் பேச்சு, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

இனி நோன்புப் பெருநாள். அக்டோபர் பதினான்கு. நீ பேசினாய். நீங்கள் எட்டுப் பேர் சேர்ந்து செய்த மதர்போர்டைப் பற்றிச் சொன்னாய், உள்ளங்கை அகலம், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும், ஃபேனே கிடையாது. ஃபேன் இல்லை என்றதும் நான் உட்கார்ந்துவிட்டேன். மொழிபெயர்ப்பவருக்கு இது தெரியாது. எங்கள் ஊர்க் காற்றில் இரும்பு உண்டு. எந்தக் கம்ப்யூட்டர் ஃபேனும் இங்கே பத்து மாதம் தாண்டிச் சுற்றியதில்லை. மில் எலக்ட்ரீஷியன் தாவீது பெட்டியைத் திறந்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஃபேன்மேல் ஓட்டி எடுப்பான், காந்தத்துக்குத் தாடி முளைத்திருக்கும். சின்ன வயதில் நீ அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பாய். அன்று ஃபோனில் நீ சொன்ன சொல் அப்படியே காதில் இருக்கிறது. "தாவீது அண்ணனோட காந்தத்துக்கு இனிமே வேலை இல்லம்மா. ஜனவரி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதே."

நீ சொன்னாய். எனக்குக் கேட்டது. இதை நான் இரண்டு முறை எழுதத் தயார். நீ சொல்லாதே என்றாய், நான் கேட்டேன், எழுதினேன். நம் வீடுகளில் யாரிடமும் சொல்லாதே என்றால் கண்ணேறு படும், உறவில் சொல்லாதே என்றுதான் பொருள். பெண் பார்க்க வருவதை, வயிற்றில் பிள்ளை தங்கியதை அப்படிச் சொல்வோம். நான் உறவில் சொல்லவில்லை. அஃப்ஸானாவுக்குக்கூடத் தெரியாது. சொல் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சுவரில் ஒட்டினேன். இது படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்பாய். நான் அதைத்தான் வெள்ளிக்கிழமையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிறகு ஒன்று தெரிந்தது. கண்ணேறு கதை பாதிதான். நவம்பர் பதினொன்றாம் தேதி சார்ட்டில் ஆறு செய்தி முடித்துவிட்டேன். கீழே நான்கு விரல் இடம் இருந்தது. ஆறு வருடமாக எங்கிருந்து, எங்கிருந்து என்று முகம் தெரியாதவர்களின் பெயரை எழுதிய கை. ஒரே ஒருமுறை அந்த இடத்தில் உன் பெயர் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டது. ஏழாவதாக எழுதினேன். ஃபேன் இல்லாத மதர்போர்டு வருகிறது, ஜனவரியில் அறிவிப்பு. எங்கிருந்து: என் மகள் ஹஸ்னா, தைபே. விதிப்படி. விதி இல்லாதிருந்தால் உன் பெயர் அங்கே இருந்திருக்காது. அன்று மாலை நான்கு மணிக்கு எல்லோரும் அந்த வரியின் முன்தான் நின்றார்கள். தாவீது சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்துச் சார்ட்டுக்குக் கீழே ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டான். எனக்கு அப்போது இருந்த பெருமையை உன்னிடம் மறைக்க முடியாது.

ஷிஃப்டில் இருக்கிற நண்பர்களுக்குக் காட்ட அவன் எப்போதும் தன் புது செல்லில் சார்ட்டைப் படம் எடுத்துக்கொள்வான். அன்றும் எடுத்தான். அன்றே கலியன் கடையில் உட்கார்ந்து, நம் நாட்டுக் கம்ப்யூட்டர் பிரியர்கள் கூடும் ஒரு தளத்தில் போட்டான், கீழே ஏழாவது செய்தியை ஆங்கிலத்தில், எங்கிருந்து உட்பட. எங்கள் ஊர்ப் பெண் செய்தது என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது கலியன் கடை வாசலிலேயே மடக்கினான். "இன்னா டீச்சர், நம்ம சுவுரு வேர்ல்டு ஃபுல்லா சுத்திகினு கீது." சிரித்துக்கொண்டு உள்ளே போனேன். திரையில் என் சார்ட். செல்லோ டேப் பிரிந்த மூலை. ஓரத்தில் அத்தாவின் முழங்கை, அவர் யாருக்கோ ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதைச் சுற்றி எனக்குப் படிக்கத் தெரியாத சீன எழுத்து, பக்கம் பக்கமாக. நடுவில் ஆங்கிலத்தில் ஒருவர் கேட்டிருந்தார், இந்த ஹஸ்னா யார் என்று. அதற்குக் கீழே இன்னொருவர் உன் முழுப்பெயர், கல்லூரி, எந்த வருடம் என்று பதில் எழுதியிருந்தார். கலியன் நாற்காலியை இழுத்துப் போட்டது தெரியும். உட்கார்ந்தது நினைவில்லை. நான் எழுதிய பெயர் அங்கே வேறொருத்தியின் பெயர்போல் இருந்தது. எல்லோரும் தேடுகிற ஒருத்தி.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், உன்னை அதிகம் கேள்வி கேட்கப்போவது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை தாவீது வீட்டுக்கு வந்தான், கண்ணெல்லாம் சிவந்து. "பேஜாரு முட்ஞ்சிபோச்சி டீச்சர், டீச்சரம்மா சும்மா கற்பனையா எழுதனதுன்னு அதே எடத்துல போட்டுட்டேன்" என்றான். உன்னைக் காப்பாற்றுகிறோம் என்று அவனுக்கு நினைப்பு. முதல் நாள் எனக்கும் நிம்மதியாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பொய் அவன் பெயரில், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. நேற்று நீ பேசிய பிறகுதான் அது உன் கழுத்தில் போய் விழுந்தது தெரிந்தது. நீ அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டாய், அம்மாவிடம் சொன்னேன் என்று. இங்கிருந்து ஒருவன் எல்லாம் கற்பனை என்கிறான். யார் நம்புவார்கள். நேற்று மாலையே அத்தா மழையில் மில் வாசலுக்குப் போய் அவனை அழைத்துவந்தார். திட்டவில்லை. தாவீதுதான் தன்னையே திட்டிக்கொண்டான். பாப்பாவுக்கு வேலை போய்விடுமா என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். கலியன் கடைக்குப் போய், கற்பனை என்று எழுதியது நான் பயந்து சொன்ன பொய், டீச்சருக்குத் தெரியாது, என் பெயர் இது, நான் வேலை செய்யும் இடம் இது என்று எழுதிவிட்டு வந்தான். அந்தப் பக்கத்தின் பிரதியை இதனுடன் வைத்திருக்கிறேன்.

ஹஸ்னா, இன்னொன்று. மொழிபெயர்ப்பவர் இந்த வரிகளை விட்டுவிடலாம். நேற்று ஃபோனை வைத்ததும், வேலை போனால் இவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று ஒரு நொடி மனம் சொன்னது. ஒரு நொடிதான்.  நீ இரண்டு வருடம் தூக்கம் கெட்டுச் செய்த பொருள். அதன் முதல் செய்தியை உங்கள் எட்டுப் பேரிடமிருந்தும் நான் எடுத்துக்கொண்டேன், நான்கு விரல் இடத்துக்காக. அந்த ஏழு பேரிடமும் என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேள். அத்தா சாப்பிட்டு முடித்தார். பிறகு, "அய்துகினு இருந்தா இன்னா ஆவப்போவுது, எய்து" என்று சொல்லி மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மாற்றிச் சொல்லாதே. "சொல்லாதே என்று நான் சொன்னேன், அம்மா மீறினார்" என்று தயங்காமல் சொல், அது என் மேல் பழி போடுவது ஆகாது, நடந்தது. படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. அவர்களுக்கு என்னிடம் கேட்க வேண்டுமானால் கடை எண் உனக்குத் தெரியும், பகலெல்லாம் நான் அங்கேயே இருக்கிறேன், பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் ஆங்கிலம் போதும். வேலை நிலைத்தாலும் போனாலும் இனி மாதம் ஒருமுறை உனக்குக் கையால் எழுதுவேன். அதற்கு ஆதாரம் கேட்க யாரும் வேண்டாம்.

இறைவன் உன் நாக்கில் உண்மையையும் நெஞ்சில் உறுதியையும் வைப்பானாக. உன்னைப் பெற்ற இரண்டு பேரின் துஆவும் அந்த அறைக்குள் உன்னோடு வரும். இருபத்தொன்பதாம் தேதி முடிந்ததும், என்ன ஆனாலும், கடை ஃபோனுக்கு ஒரு மணி அடித்துவிடு.

எங்கிருந்து: உன் அம்மா,
ஜாஹிதா அப்துல் ஜப்பார்.

பின்குறிப்பு: எழுதி முடித்துக் கடைக்குப் போனேன். சார்ட்டைச் சுவரிலிருந்து பிரித்தேன், டேப்போடு சுண்ணாம்பும் வந்தது. அதைச் சுருட்டிப் பாலிதீன் உறையில் போட்டு, இந்தக் கடிதத்தோடு நானே சென்னைக்கு எடுத்துப்போய் கூரியரில் கொடுக்கிறேன். இரண்டு மணி யூனிட் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.