எட்டடிக்கு ஆறடி

ஆம்பூர்,
14-6-2003

அன்புள்ள ஜெமி அப்பாவுக்கு,

மாலத்தீவிலிருந்து நீங்கள் வரைந்து அனுப்பிய வீட்டுப் பிளான் கிடைத்தது. மேஸ்திரி கோதண்டம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, சார் நம்ம மனைய மறந்துட்டாரா? பத்து சென்ட் எடம் கெடக்குது, ரயில் பெட்டி மாதிரி மூணு மாடி போட்டிருக்காரு!" என்றார். ஜெமிக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

அங்கே ஜனம் ஜாஸ்தி, இடம் கம்மி, கடலைத் தூர்த்து நிலம் செய்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாத்தியார்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த அறை மட்டும் வசதியானது என்றும் எழுதியிருந்தீர்கள்.

பிளானில் நம் படுக்கையறை எட்டடிக்கு ஆறடி. பக்கத்தில் பென்சிலால் 'தாராளம்' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவைச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, உள்ளே படுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு உங்கள் அறையைப் பற்றி ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

கோதண்டத்திடம் பதினாறுக்குப் பதினான்கு என்று சொல்லிவிட்டேன். அஸ்திவாரமும் தோண்டியாயிற்று, இனி மாற்ற முடியாது. லீவில் வந்ததும் கை காலை நீட்டித் தூங்குங்கள். என்னைத் திட்டுவதை எழுந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு தடவை உங்கள் சொல் கேட்காத,
உங்கள் மனைவி